ஒரு தோட்டாவுக்கு இரண்டு வருஷம்!

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளி வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு புழங்குகிறவர். இரவு நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு, வசூல் பணத்துடன் வீட்டுக்குப் போகிறவர். பயந்துபோய் முறைப்படி லைசென்ஸ் வாங்கி, சின்ன ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறார். அதில் ஆறு தோட்டா. "எதற்கும் இருக்கட்டும்" என்று தோல் பையின் பக்க அறையில் உபரியாக இன்னும் ஆறு தோட்டா.

ஒருநாள் அவருடைய மருமகன் துபாய்க்குப் புறப்படுகிறார். கைப்பை இல்லை. மாமனார் தன் தோல் பையைக் காலி செய்து கொடுக்கிறார். மருமகன் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகிறார். பை, எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகிறது. இயந்திரம் நின்றுவிடுகிறது!

பையின் மூலையில், துணி மடிப்புக்குள், ஒரே ஒரு தோட்டா.

விமானம் பறந்துவிட்டது. மருமகன் போலீஸ் ஸ்டேஷனில்!

"மாமா, பையைத் தட்டிப் பார்த்துக் குடுத்திருக்கக் கூடாதா?"

"தட்டித்தான் பார்த்தேன் மாப்பிள்ளை. ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு."

இது கற்பனைதான். ஆனால் இதைப் போன்ற சம்பவங்கள் நம் நாட்டு விமான நிலையங்களில் அடிக்கடி நடக்கின்றன. கோர்ட்டுகளுக்கும் வருகின்றன. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். உபரித் தோட்டாவைத்தான் மறந்துவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

தோட்டா வேறு, குண்டு வேறு

பலரும் தோட்டாவையும் குண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இல்லை. குண்டு என்பது தோட்டாவின் ஒரு பகுதி.

தோட்டாவின் வெளிப்புறம் பித்தளை உறை. அதன் அடியில் சிறிய கேப். நம் பக்கத்து ஊரான சிவகாசியில் செய்யும் தீபாவளி கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தால் வெடிக்கும். உறைக்குள்ளே மருந்து. நுனியில் ஈயக் குண்டு. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் சுத்தி கேப்பை அடிக்கிறது. கேப் மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து வரும் வாயு குண்டைத் தள்ளுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள்!

ரிவால்வருக்கு அந்தப் பெயர் வந்ததே அதன் சுழலும் உருளையால்தான். அந்த உருளையில் ஐந்து அல்லது ஆறு ஓட்டைகள் இருக்கும். ஓட்டைக்கு ஒரு தோட்டா. அவ்வளவுதான் கொள்ளும். அது தீர்ந்துவிட்டால், வெற்று உறைகளைக் கொட்டிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஆகவேதான் ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு உபரித் தோட்டா மீது ஆசை வருகிறது.

மணியாச்சியில் ஒரு காலை

கைத்துப்பாக்கி நம் நெல்லைச் சீமைக்குப் புதியதல்ல.

1911-ஆம் ஆண்டு ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்திப்பு. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரை ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி, ஆஷைச் சுட்டார். பிறகு ஓடிப்போய் அதே துப்பாக்கியால் தன் உயிரையும் போக்கிக்கொண்டார். அது பிரௌனிங் ரகக் கைத்துப்பாக்கி. சட்டைக்குள் மறைக்கக்கூடிய அளவு. அவருக்குத் துப்பாக்கிப் பயிற்சி கிடைத்த இடம் புதுச்சேரி. பயிற்சி கொடுத்தவர் வ.வே.சு. ஐயர்.

ஏன் புதுச்சேரி? அது அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருந்தது. இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைக்கக்கூடாது என்றது அது. ஐரோப்பியர்களுக்கோ சலுகை!

அந்த அவமானம் தலைவர்களின் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சுதந்திர இந்தியாவில் மக்களுக்கு இருக்க வேண்டிய உரிமைகளைப் பட்டியல் போட்டது. விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் ஒன்று!

ஆனால் சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் எழுதியபோது அந்த உரிமை அதில் இடம்பெறவில்லை. கைக்குக் கை துப்பாக்கி போனால் புதிய நாடு தாங்குமா என்ற கவலை பெரியோர்களுக்கு இருந்தது. பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் அப்போது காயவில்லை. காந்தியடிகள் மார்பில் பாய்ந்ததும் கைத்துப்பாக்கிக் குண்டுகள்தானே!

ஆகவே அமெரிக்காவைப் போல் இங்கே துப்பாக்கி ஓர் அடிப்படை உரிமை அல்ல. சர்க்கார் கொடுக்கும் அனுமதி.

சட்டம் எண்ணிப் பார்க்கிறது

இப்போது நடப்பில் உள்ளது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. 2016-இல் புதிய விதிகள் வந்தன. 2019-இல் பார்லிமெண்ட் சட்டத்தை மேலும் இறுக்கியது. சாதாரணக் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

துப்பாக்கிக்கு மட்டும் அல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் சட்டம் கேள்வி கேட்கும்.

லைசென்ஸ் இல்லாமல் சாதாரண ரகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், முன்பு 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. 2019-க்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். தக்க காரணம் இருந்தால் மட்டுமே, அதை எழுதிவைத்து, நீதிபதி குறைக்கலாம்.

முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். இப்போது 2 மட்டுமே. லைசென்ஸின் ஆயுள் 3 ஆண்டாக இருந்தது. இப்போது 5 ஆண்டு.

21 வயது நிரம்பாதவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. விளையாட்டுப் பயிற்சிக்கு மட்டும் தனி விதி.

கல்யாணத்திலோ கோவில் விழாவிலோ சந்தோஷம் தாங்காமல் வானத்தை நோக்கிச் சுட்டு, பிறர் உயிருக்கு அபாயம் உண்டாக்கினால், 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்!

தோட்டா விஷயத்தில் இன்னொரு கணக்கு உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஒரு வருஷத்தில் எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருப்பார்கள். எந்த எல்லை வரை கொண்டுபோகலாம் என்பதும் அதில் இருக்கும். அந்த நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் பறிபோவது வேறு!

லைசென்ஸ் இல்லாத சிநேகிதருக்கு "வைத்துக்கொள்" என்று இரண்டு தோட்டா கொடுத்தாலோ, கொடுத்தவரும் மாட்டுவார், வாங்கியவரும் மாட்டுவார்.

சங்கரன்கோவில் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் அந்த மாவட்டம் பிறந்தது. ஆகவே ரிவால்வர் லைசென்ஸுக்கு மனுப் போட வேண்டியது தென்காசி கலெக்டரிடம். போலீசார் விசாரித்து அறிக்கை கொடுப்பார்கள். மனுதாரர் பேரில் வழக்கு உண்டா, அவருடைய நடத்தை எப்படி, உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா, வீட்டில் பத்திரமாக வைக்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். "எனக்கு ஆசை" என்பது காரணம் ஆகாது.

தெரியாமல் இருந்தால்?

மருமகன் கதைக்கு வருவோம். அவருக்குத் தோட்டா இருந்ததே தெரியாது. அவரும் குற்றவாளியா?

இதற்குச் சுப்ரீம் கோர்ட் 1972-லேயே வழி காட்டியிருக்கிறது. ஒரு பொருள் ஒருவர் வசம் இருந்தால் மட்டும் போதாது. அது தன்னிடம் இருக்கிறது என்ற உணர்வும் அவருக்கு இருக்க வேண்டும் என்றது. 1994-இலும் அதையே உறுதிசெய்தது. இந்த அடிப்படையில், பையில் தெரியாமல் கிடந்த ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை டில்லி ஹைகோர்ட் தள்ளுபடி செய்திருக்கிறது.

அப்படியானால் பயமில்லையா? பயம் இருக்கிறது! வழக்குத் தள்ளுபடி ஆவது கடைசியில். அதற்கு முன் நடப்பது என்ன? விமானம் போய்விடும். விசாரணை நடக்கும். ஜாமீனுக்கு அலைய வேண்டும். வக்கீல் செலவு. வெளிநாட்டு வேலையில் சேரவேண்டிய தேதி கடந்துவிடும். பாஸ்போர்ட்டுக்குத் தொல்லை. இத்தனையும் மாமனார் பையை ஒருமுறை உதறாததால்!

லைசென்ஸ் உள்ளவர்கள் விமானத்தில் போகும்போது துப்பாக்கியையும் தோட்டாவையும் கைப்பையில் வைக்கவே கூடாது. விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லி, லைசென்ஸைக் காட்டி, துப்பாக்கியைக் காலி செய்து, சரக்கோடு ஏற்றும் பெட்டியில் முறைப்படி அனுப்ப வேண்டும். தோட்டாவுக்கு எடை வரம்பும் உண்டு.

"அச்சமற்றவள்" வந்த கதை

2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அதன்பின் 2014 ஜனவரியில், கான்பூரில் உள்ள சர்க்கார் துப்பாக்கித் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு சிறிய ரிவால்வரை வெளியிட்டது. பெயர் "நிர்பீக்". அச்சமற்றது என்று பொருள். சுமார் அரைக் கிலோ எடை. பெண்களின் கைப்பைக்குள் அடங்கும். ஆறு தோட்டா கொள்ளும். விலை 1,22,360 ரூபாய்!

அப்போதே கேள்வி எழுந்தது. விசைத்தறியில் நூல் கோக்கும் பெண்ணும், பூமார்க்கெட்டில் விடியற்காலையில் கூடை சுமக்கும் பெண்ணும் ஒன்றேகால் லட்சத்துக்கு எங்கே போவார்கள்? அவர்களுக்குத்தானே இருட்டில் நடக்க வேண்டியிருக்கிறது? தெருவிளக்கு எரிவதும், கடைசி பஸ் நேரத்துக்கு வருவதும், கூப்பிட்ட குரலுக்குப் போலீஸ் வருவதும் அல்லவா அவர்களுக்கு வேண்டிய ஆயுதம்?

வாங்க வசதி உள்ள பெண்ணுக்கும் சிக்கல் இருக்கிறது. கைப்பையில் சீப்பு, சில்லறை, செல்போன், சாவிக்கொத்து எல்லாம் கிடக்கும். அவற்றுக்கு நடுவே ரிவால்வரைத் தேடி எடுத்துக் குறிபார்ப்பதற்குள் கயவன் கையைப் பிடித்துவிடுவான். அவன் கைக்குத் துப்பாக்கி மாறிவிட்டால்?

உபரி எதற்கு?

இப்போது முக்கியமான கேள்வி. ஆறு தோட்டா உள்ளே இருக்கும்போது, பையில் இன்னும் ஆறு எதற்கு?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைச் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். 2022-இல் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட், வெளியிடத்தில் துப்பாக்கி கொண்டுபோவது குடிமகனின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே எதிரி கையிலும் துப்பாக்கி இருக்கக்கூடும். ஆகவே உபரித் தோட்டாவை எந்தப் பையில் வைப்பது, எப்படி விரைவாகப் போடுவது என்று கணக்குப் போடுகிறார்கள்.

பிரிட்டன் நேர் எதிர். 1996-இல் டன்பிளேன் என்ற ஊரில் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். 1997-இல் அந்நாடு கைத்துப்பாக்கியையே ஏறத்தாழ முழுவதும் தடை செய்துவிட்டது.

நம் நாடு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இங்கே தற்காப்புக்கு உரிமை உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வந்தால் எதிர்த்து அடிக்கலாம். வேறு வழியில்லாத கட்டத்தில் எதிரியின் உயிரே போனாலும் சட்டம் மன்னிக்கும்.

ஆனால் அதற்கு வரம்பு உண்டு. தேவைக்கு மேல் தாக்கக்கூடாது. ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும். அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது.

இதை உபரித் தோட்டாவோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு முறை சுட்டாகிவிட்டது. உருளையைத் திறந்து, உறைகளைக் கொட்டி, பையில் கைவிட்டுத் தேடி, மறுபடி ஆறு போட்டு, மீண்டும் சுடுகிறார் ஒருவர். கோர்ட்டில் வக்கீல் என்ன கேட்பார்?

"இவ்வளவும் செய்ய நேரம் இருந்ததே, அப்போதும் ஆபத்து இருந்ததா? எதிரி ஓடிக்கொண்டிருந்தானா, வந்துகொண்டிருந்தானா?"

பதில் சொல்லத் திணற வேண்டியதுதான்! எதிரிகள் பலர் சூழ்ந்து நிற்கும் அபூர்வமான சந்தர்ப்பம் இருக்கலாம். இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் நம் கடைவீதி வியாபாரிக்கு அது எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை வரும்? பை மாறிப் போவதும், பேரன் மேஜையைத் திறப்பதும் தினந்தோறும் நடக்கக்கூடியவை.

மேஜை டிராயரில் கிடந்த தோட்டா

1967 ஜனவரி 12. சென்னை ராமாவரம் தோட்டம். நடிகர் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. தமிழ்நாடே துடித்தது. கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆர். படம் சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்டது. பிப்ரவரித் தேர்தலில் பரங்கிமலையில் அவர் வென்றார். ராதா சிறை சென்றார்.

அந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். அந்தத் தோட்டாக்கள் பழையவை. டிராயரில் வெகுகாலம் உருண்டு கிடந்து வேகம் குறைந்திருந்தன. அதனால்தான் உயிர் தப்பியது என்று. எப்படியாயினும் ஒன்று நிச்சயம். வெயிலும் ஈரமும் பட்டுக் கிடக்கும் தோட்டாவை நம்புவதற்கில்லை. வேண்டும்போது வெடிக்காமல் போகலாம். வேண்டாதபோது பிள்ளை கையில் அகப்படலாம்!

தாத்தாவின் பெட்டி

கிராமங்களில் இன்னொரு தொல்லை உண்டு. தாத்தா லைசென்ஸ் வைத்திருந்தார். தாத்தா போய்விட்டார். துப்பாக்கியும் ஒரு டப்பா தோட்டாவும் பரணில் கிடக்கின்றன. "நாம் என்ன சுடவா போகிறோம்?" என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள்.

அது தவறு. லைசென்ஸ்காரர் இறந்ததும், காலதாமதம் இல்லாமல் துப்பாக்கியையும் தோட்டாவையும் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு விரும்பினால் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம். தாத்தா உயிரோடு இருக்கும்போதே, 70 வயதானாலோ, 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற விதி இடம் கொடுக்கிறது.

ஒப்படைக்கும்போது தோட்டாவை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ரசீதில் எண்ணிக்கை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தேர்தல் அறிவித்ததும் ஆயுதங்களைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, அப்போதும் இப்படித்தான். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு உபரித் தோட்டாவைப் பீரோவில் மறந்துவிடாதீர்கள்.

வைத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை

உண்மையிலேயே ஆபத்து இருந்து, முறைப்படி லைசென்ஸ் வாங்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் இவற்றை மட்டும் கடைப்பிடிக்கட்டும்:

துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம். இரண்டுக்கும் பூட்டு. சாவி பெரியவர்கள் கையில்.

தோட்டாவைச் சட்டைப் பையிலும் கைப்பையிலும் கார் டிராயரிலும் உதிரியாகப் போடாதீர்கள். அதற்கென்று ஒரே ஒரு பெட்டி. மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். லைசென்ஸில் உள்ள கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்.

வெளியே கொண்டுபோனால் உறைக்குள், பிறர் கண்ணில் படாமல் கொண்டுபோங்கள். கடைவீதியில் காட்டி மிரட்டுவது குற்றம்.

துப்பாக்கி வைத்த பையை இரவல் கொடுக்காதீர்கள். இரவல் பையை வாங்கினால் உள்ளும் புறமும் உதறிப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு? ஆபத்து என்றால் 112. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்று எண்களையும் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். இதற்கு லைசென்ஸ் வேண்டாம்!

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் வீதிகளில் லட்சக்கணக்கான மக்கள் திரள்கிறார்கள். தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் யார் என்றே தெரியாது. ஆனாலும் கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அம்பாளைப் பார்க்க முண்டுகிறோம். பக்கத்தில் நிற்பவர் மடியில் ரிவால்வர் இல்லை என்ற நம்பிக்கைதான் காரணம்.

அந்த நம்பிக்கை வீடுதோறும் துப்பாக்கி வந்தால் போய்விடும். பிறகு எத்தனை உபரித் தோட்டா வைத்திருந்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

அந்த மாமனார் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? மருமகன் வீடு வந்து சேர்ந்த அன்று, மீதித் தோட்டாவை எடுத்து மேஜைமேல் வைத்து எண்ணினார். பத்துத்தான் இருந்தது. பிடிபட்டது ஒன்று. இன்னும் ஒன்று எங்கே?

வீடு முழுவதும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது!